ராத்தாவின் போத்தலில் வெள்ளை உப்பு

யுத்தம் முடிந்து சில வருடங்களில் நுரைச்சோலைப் பக்கம் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு விஷயமென்றால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆணும் பெண்ணும் நாள் முழுக்க எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தால் என்ன என்று, அந்த வருடக் கண்காட்சிக்கு ஒரு யோசனை வந்தது.

புத்தளத்து உப்பை வாங்கி வர்ணத்தூள் கலந்தேன். வெளி உழைப்புக்குச் சிவப்பு, வீட்டு வேலைக்கு நீலம், ஓய்வுக்கு நிறம் போடாத வெள்ளை. எங்கள் ஒழுங்கையில் பத்து வீடுகளுக்குப் போய், கணவனுக்கொன்று மனைவிக்கொன்று என வெறும் ஜாம் போத்தல்கள் கொடுத்தேன். ஒரு நாள், விடியற்காலை சுபஹ் தொழுகையிலிருந்து இரவு இஷா தொழுகை வரை, அரை மணித்தியாலத்துக்கு ஒரு கரண்டி. அவரவர் போத்தலை அவரவரே நிரப்ப வேண்டும்.

மூன்றாம் நாள் போத்தல்கள் வந்தன. அடுக்கிப் பார்த்ததும் என் முகம் செத்துவிட்டது. பெண்களுடையதில்தான் வெள்ளை அதிகம். எனக்கு மூத்தவள், என் ராத்தாவின் போத்தலில் பாதிக்கு மேல் வெள்ளை. அவள் கணவர், மச்சானுடையதில் கழுத்துவரை சிவப்பு.

அந்தக் கிழமைதான் வெங்காய வியாபாரி, சுத்தம் செய்ய ராத்தாவுக்கு அனுப்பும் மூட்டைகளைக் கூட்டுவதாகச் சொல்லியிருந்தார். "சும்மாதானே இருக்கிறா, அனுப்புங்க" என்று மச்சானும் தலையாட்டிவிட்டார். ராத்தாவுக்கு ஏற்கெனவே இடுப்பு நிமிராது. இப்போது அவளுடைய போத்தலே மச்சானுக்குச் சாட்சி சொன்னது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நான் போனபோது ராத்தா பலகையில் குந்தி, வெங்காயத்தின் காய்ந்த தாளையும் வேரையும் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்ன நிறம் போட்ட?"

"வெள்ளதான். குந்திக்கிட்டுத்தானே இருக்கிறன். இதென்னடி வேலை?"

மற்ற வீடுகளுக்கும் ஓடினேன். எல்லாப் பெண்களும் அப்படியே. குனிந்தால், நடந்தால், சுமந்தால் வேலை, குந்திவிட்டால் ஓய்வு. தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து வெங்காய விலை கதைத்த ஆண்களோ அதற்கும் சிவப்பு போட்டிருந்தார்கள். இந்தக் கணக்கை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நானும் கதிரையில் குந்தியிருந்துதான் பிள்ளைகளின் படங்களுக்குப் புள்ளி போடுகிறேன். அதை வேலையில்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ராத்தாவின் போத்தலைக் கொட்டி, அவளைக் கேட்டுக் கேட்டு மறுபடி நிரப்பினோம்.

"தொழுறதுக்கு என்ன நிறம்?" என்றாள்.

அதை நான் யோசிக்கவேயில்லை. அவசரமாகப் பச்சை கலந்தேன். கடைசியில் வெள்ளை இரண்டே கரண்டி. ராத்தா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்வளவா?" என்று தன்னையே கேட்டாள்.

அப்போது வாசலில் லொறி நின்றது. மச்சான் கூடுதல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுவந்து போட்டார்.

ராத்தா போத்தலை அவர் முன்னால் நீட்டினாள். "இஞ்சாருங்க, இது என்ட ஒரு நாள். இதுல எந்தக் கரண்டிய எடுத்துட்டு இந்த மூட்டைய வைக்க?"

மச்சான் சிரித்தபடி வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, இது சும்மாதானே கிடக்குது."

"அது நான் சோறு தின்ற நேரம்."

மச்சானின் விரல் போத்தலிலேயே நின்றது. பிறகு அவர் குனிந்து, ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லொறிக்குத் திரும்பிப் போனார்.