பாசிட்டிவிலிருந்து நெகட்டிவ்

ஸ்டுடியோக்காரர் பிலிம் காலத்து ஆள். படம் எடுக்கும்போது கண்ணை மூடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மணமேடையில் மணப்பெண்ணையே அதட்டியவர்.

மனைவி கர்ப்பமாக இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. அவருக்கும் அதேதான். அம்மா நாள் தவறாமல் மாத்திரை போட்டு, பிறந்ததும் குழந்தைக்கு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தொற்றாது என்றார் நர்ஸ்.

மறந்து தொலைத்துவிடக் கூடாதே என்று, மாத்திரை நேரம் வந்ததும் அவர் வீட்டு முன்னறையிலேயே இருந்த ஸ்டுடியோவின் ஃப்ளாஷை அடிப்பார். இருவரும் மாத்திரையை விழுங்குவார்கள். விவரம் தெரியாத மாமியார், படம் எடுக்கிறார் என்று நினைத்து, தலையைக் கோதிக்கொண்டு சிரித்து வைப்பார். எதிர்க்கடைத் தையல்காரர் மின்னலென்று நினைத்து, காயும் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவார்.

குழந்தை தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய பிறகு கடைசிப் பரிசோதனை.

"குழந்தைக்கு நெகட்டிவ்," என்றார் நர்ஸ்.

ஸ்டுடியோக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன சிஸ்டர், விளையாடறீங்களா? நெகட்டிவ்ல இருந்துதான் பாசிட்டிவ் வரும். வருஷக்கணக்கா அதத்தான் கழுவி பிரிண்ட் போட்டுட்டிருக்கேன். பாசிட்டிவ்ல இருந்து நெகட்டிவ் எப்படி வரும்?"

"ஏங்க, அதுக்குத்தானே தினமும் ஃப்ளாஷ் அடிச்சீங்க?" என்றாள் மனைவி.

வீடு திரும்பியதும் டைமர் வைத்து மூவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் அவர் மட்டும் கண்ணை இறுக மூடியிருந்தார், கன்னமெல்லாம் ஈரம். "இன்னொண்ணு எடுத்துடலாம்," என்றார். மனைவி விடவில்லை. கடைச் சுவரில் அதையே மாட்டிவிட்டாள்.

இப்போதும் யாராவது கண்ணை மூடினால் அவர் அதட்ட வாயெடுப்பார். அவர்கள் சுவரைக் காட்டுவார்கள்.