கழுத்து வலிக்குச் சீட்டுப் போட்டோம்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் கால் வலி பெரிதில்லை, கேட்டதெல்லாம் வீணாகிவிடுமோ என்ற பயம்தான் ஆளைத் தின்னும் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தென்காசியில் நூர் என்ற ஆராய்ச்சி மாணவிக்குத் துணையாகப் போனேன். பீடி சுற்றும் பெண்களின் கழுத்து வலி ஒரு சின்ன உடற்பயிற்சியால் குறையுமா என்பது அவள் ஆராய்ச்சி. அந்த வருடத்துக்குள் முடிக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டுத் துபாய்க்கு வந்துவிடச் சொல்லியிருந்தார் அவள் வீட்டுக்காரர். இப்போதும் எங்காவது புகையிலை வாடை அடித்தால் அந்த வருடம் அப்படியே வந்து நிற்கிறது.

சொம்புக்குள் சீட்டு

யாருக்குப் பயிற்சி என்று நாமே தீர்மானித்தால் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அதனால் ஆய்க்குடிப் பக்கம் ஒரு தெருவில் பெயர்களைச் சொம்பில் போட்டுக் குலுக்கினோம். பாதிப் பேருக்கு உடனே பயிற்சி, மீதிப் பேருக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகு. கழுத்தைத் திருப்பவே முடியாத இசக்கியம்மாள் மீதிப் பேரில் விழுந்துவிட்டாள். எனக்கு மனசே கேட்கவில்லை. அவள் நூரைப் பார்த்துச் சொன்னாள்: "வலி எனக்கு, வைத்தியம் பக்கத்து வீட்டுக்காரிக்கா? நல்லாத்தான் படிச்சிருக்க, பிள்ள."

முறத்தைச் சுற்றி

சில வாரம் கழித்துக் கேட்டால் இரண்டு பக்கத்திலும் வலி ஒரே அளவு குறைந்திருந்தது. பயிற்சி பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் பயிற்சியால் என்ன பலன்? நூருக்கு முகம் வெளுத்துவிட்டது.

ஒரு மத்தியானம் முன்கூட்டிச் சொல்லாமல் போனோம். எல்லோரும் ஒரே வாசலில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி கிடைத்தவள் கழுத்தை இடமும் வலமும் திருப்ப, கிடைக்காதவர்களும் கூடவே திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் தலையில் கை வைத்தேன். இசக்கியம்மாள் கை வேலையை நிறுத்தாமலே சொன்னாள்: "சேந்து சோறு திங்கோம் மதினி, கழுத்த மட்டும் தனித்தனியா திருப்பணுமாக்கும்."

ஊருக்கு ஒரு சீட்டு

பஸ் ஸ்டாண்டில் வைத்து நூர் அழுதேவிட்டாள். மறுநாள் அவள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் சாரிடம் போனோம். ஆட்களுக்குப் பதில் ஊர்களுக்கே சீட்டுப் போடச் சொன்னார்; சீட்டு விழுந்த ஊர் முழுக்க உடனே பயிற்சி, மற்ற ஊர்களுக்குப் பிறகு. ஆலங்குளத்திலிருந்து சிவகிரி வரை, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் ஊர்களாகப் பார்த்து முதலிலிருந்து தொடங்கினோம். நாள் பற்றாதே என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கணக்குப் போடும் முறையையும் மாற்றச் சொல்லிவிட்டார் சார்: "ஒரே வாசல்ல உக்காந்து சுத்துதவங்கள தனித்தனி ஆளா எண்ணாதம்மா, ஊரையும் கணக்குல சேத்துக்கோ."

அருவி

பாதி வேலையில் சாரல் காலம் வந்துவிட்டது. எல்லா ஊர்ப் பெண்களும் வேன் பிடித்துக் குற்றாலம் போய், கழுத்தை அருவிக்குக் கொடுத்து நின்றார்கள். இனி வலி குறைந்தால் அது பயிற்சியாலா தண்ணீராலா என்று எப்படிச் சொல்வது? போச்சு, எல்லாம் போச்சு என்று நான் புலம்ப, நூர் பல நாள் கழித்துச் சிரித்தாள்: "அதுக்குத்தானக்கா ரெண்டு பக்கம் வச்சிருக்கோம். அருவி ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுபோலதான விழுது."

பயிற்சி பெற்ற ஊர்களில்தான் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. நூர் பட்டத்தோடு துபாய்க்கு விமானம் ஏறினாள். நானும் அந்தப் பயிற்சியை விடவில்லை, சாரலுக்கு அருவியையும் விடவில்லை. என் கழுத்து வலி எதனால் குறைகிறது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு இன்னொரு கழுத்து இல்லை.