எசி கூப்பிட்ட பெயர்

ஆவி, பேய் என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் மாமி, இவருடைய அம்மா, இறந்து, அங்கே நடந்த போரால் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் போனதிலிருந்து என் கணவர் அதைப் பற்றி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானமானால் எசி வீட்டுக்குப் போய்விடுவார். எசி கானா நாட்டுக்காரி, அவரோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். என்னிடம் அழாத மனுஷன் அங்கே போய் அழுதுவிட்டு வருகிறார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை நானும் கூடவே போனேன்.

எசி தன் வீட்டு முற்றத்துப் புல்லில் வெறுங்காலோடு நின்று, குவளைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊற்றி, தன் குடும்பத்தில் இறந்தவர்களைப் பெயர் சொல்லி, குடிக்க வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் கலியாணம் நடந்தாலும் முதலில் இதுதானாம்.

"ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகிறாயே?" என்று குத்தலாகக் கேட்டேன்.

"அது கடவுளுக்கு. இவர்கள் என் வீட்டு ஆட்கள்."

பிறகு மாமியின் பெயரைச் சொன்னாள். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கடுத்து, "மின்னி" என்றாள்.

மின்னி என் தங்கச்சி. மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். அம்மா தாங்கமாட்டார் என்று வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. எனக்கொரு தங்கச்சி இருந்ததே இவருக்குத் தெரியாது.

"யாருடைய பெயர் இது? தானாக வாயில் வந்தது," என்று எசி எங்களைப் பார்த்தாள். இவர் தெரியாது என்று தலையாட்டினார். நானும் தெரியாது என்றேன். பொறாமைதான், வேறென்ன. என் தங்கச்சியையும் அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

திரும்பி நடக்கும்போது இவர் சொன்னார்: "இஞ்ச பாரும், அங்க நிக்கேக்க ஆரோ என்ர கையைப் பிடிச்ச மாதிரி இருந்தது."

"மாமியா இருக்கும்."

"இல்லை, சின்னக் கை. நல்லாச் சுட்டது."

இத்தனை வருடம் மின்னியை நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பக்கத்தில் நின்றவளும் நான். என் கையைப் பிடிக்கவில்லை.

எசி அடுத்த வருடமே ஊருக்குப் போய்விட்டாள். இவர் இப்போதும் வெளியே நடக்கும்போது இடது கையைச் சற்றுத் தாழ்த்தி, விரல்களைப் பாதி மூடியபடியே வருகிறார். நான் அந்தப் பக்கம் போனால், "இஞ்சால வாரும்" என்று மறுபக்கத்துக்குக் கூப்பிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.