பொதிக்குதிரையில் மலையேறிய மணி

காலை ஐந்தரை மணிக்குப் பழனி அடிவாரத்திலிருந்து புறப்பட்டோம். பஞ்சாமிர்தக் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, செல்லையாவின் இரண்டு பொதிக்குதிரைகளுக்குப் பின்னால் நடந்தேன். அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் சமயம். மலைமேல் மறுநாள் வாக்குப்பதிவு, எங்கள் ஊரில் அதற்கு இரண்டு நாள் கழித்து. ஆனால் மலைவாழைப்பழம் தேர்தலுக்காகக் காத்திருக்காதே! விலை பேசி முடித்தாக வேண்டும். குதிரைக்குக் கூலி மூன்று ரூபாய். வடகவுஞ்சி பதினான்கு மைல் என்றார் செல்லையா. என் முழங்காலைக் கேட்டால் இருபது என்று சொல்லும்.

இரண்டாவது குதிரையின் முதுகில் பழம்புடவை சுற்றிய ஒரு மூட்டை மட்டும் இருந்தது. அதை ஒரு கையால் பிடித்தபடியே நடந்தார் நாற்பது வயதுப் பெண் ஒருவர். பெயர் ஆரோக்கியம். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. வடகவுஞ்சிக்கு மேலே இரண்டு மைலில் உள்ள சிற்றூர்தான் சொந்த ஊர். நான் பழம் வாங்கப் போவதும் அங்கேதான். அதன் பெயரை எழுதப் போவதில்லை.

ஒன்பது மணிக்கு ஓடைக்கரையில் கட்டுச்சோறு. மூட்டையில் என்ன என்று கேட்டேன்.

"மணிண்ணே. ஒங்க ஊர் பாத்திரக்கடையில வாங்குனது. நாப்பத்தஞ்சு ரூவா. சத்தம் வரக்கூடாதுன்னு நாக்குல துணி சுத்தியிருக்கேன்."

"மணி வாங்குவதே சத்தத்துக்குத்தானே, தங்கச்சி?"

சிரித்தார். பிறகு சொன்னார். ஊரில் கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு வீடு. கூரை போட்ட ஒரு ஜெபக்கொட்டகை உண்டு. ஆனால் மணி கட்டக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு. காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வேளையும் மணியடித்து ஜெபம் சொல்வது அவர்கள் வழக்கம். மூன்று வருஷமாக அது நின்றுபோயிருந்தது. இப்போது தேர்தல் வரவே, ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் மனம் இளகி, "மணியைக் கொண்டாங்க, பேசுவம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஓட்டை அவுக சொல்ற ஆளுக்குப் போடச் சொல்லுவாக, வேறென்ன?" என்றார் செல்லையா.

"உங்கள் மதத்துக்காரர் ஒருவரும் நிற்கிறாரே, அவருக்குத்தானே போடுவீர்கள்?" என்று கேட்டேன். கேட்டபோது இதில் தவறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆரோக்கியத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எல்லாரும் இதத்தான் கேக்குறாக. அந்த மனுசன் அவரு ஊர்ல கறுப்பசாமி கோயில் மேளத்த நிறுத்தச் சொல்லி மனுக் குடுத்தவரு. எங்க மணிய நிறுத்துறவுகளுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? எங்கூடச் சேந்து முழங்கால் போடுறவரான்னு நான் பாக்கலண்ணே. போடாதவன நிம்மதியா விடுவாரான்னுதான் பாக்குறேன்."

அடுத்த மூன்று மைலும் குதிரைச் சேணத்தைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். ஏற்றமும் அப்படி, பதிலும் அப்படி.

மாலை நாலரைக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே முப்பது நாற்பது வீடுகள். நல்ல குளிர். பெரியதனக்காரர் என்னை அணைக்காத குறையாக வரவேற்று, சுக்குக்காப்பி கொடுத்தார். பழத்துக்குப் போன வருஷத்து விலையே போதும் என்றார். அவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆறு மணிக்கு முருகன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியதனக்காரர் ஆதரிக்கும் வேட்பாளரின் மைத்துனர், வெள்ளைச் சட்டையும் மேலே கம்பளிக் கோட்டுமாக, கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். மலையில் இது பழைய வழக்கம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இன்னாருக்குத்தான் ஓட்டு என்று சத்தியம் செய்தால், அதை மீறுவதற்கு யாருக்கும் துணிச்சல் வராது. சத்தியம் செய்துவிட்டு வாக்குச்சாவடிக்குள் போனால், மறைப்புக்குள்ளேயும் அந்தக் கற்பூரம் கூடவே வரும். பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள்.

"நீங்களும் அடிச்சிருங்க. நாளைக்கே மணியக் கட்டிக்கங்க" என்றார் பெரியதனக்காரர். பிறகு என் பக்கம் திரும்பினார். "பழனி ஆளு, நெத்தி நெறைய விபூதி. ஒங்க கையால ஏத்துங்கண்ணே."

வருஷா வருஷம் அந்தக் கோயிலுக்கு ஒரு டப்பா கற்பூரம் நான் கொண்டுபோவது உண்டு. டப்பா என் கையில்தான் இருந்தது. ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். மூட்டையை இடுப்போடு அணைத்திருந்தார். எனக்கு மானக்கேடாக இருந்தது. என் முருகனுக்கு ஏற்றுகிற கற்பூரத்தை எடுத்து இன்னொருத்தர் கழுத்தில் சுருக்குப் போடுவதா?

"இது சாமிக்குக் கொண்டுவந்தது. ஓட்டுக்கு ஏற்ற மாட்டேன்" என்றேன்.

"அண்ணே, பழ யாவாரம் வேணுமா, வேணாமா?" பெரியதனக்காரர் குரலில் சுக்குக்காப்பிச் சூடு போய்விட்டது.

"வேண்டும். ஆனாலும் ஏற்ற மாட்டேன்."

மைத்துனர் தன் பையிலிருந்தே ஒரு கட்டியை எடுத்து வைத்துத் தீக்குச்சி கிழித்தார். ஆரோக்கியம் முன்னால் வந்தார்.

"எங்களுக்குக் கற்பூரம் அடிக்கிற வழக்கமில்லங்க. ஒங்களுக்கு உண்டுல்ல? ஒங்க மச்சானுக்காக நீங்க அடிங்க. செயிச்சாலும் தோத்தாலும் இந்த மலையில எவன் மணியவும், எவன் மேளத்தையும் நிறுத்த மாட்டோம்னு. நீங்க அடிச்சா, நான் யோசிக்கிறேன்."

கூட்டத்தில் யாரோ, "கேட்டது நாயந்தான" என்றார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மைத்துனர் கையைப் பாதிவரை கொண்டுபோனார்.

"மச்சானக் கேக்காம நான் எப்பிடி…" என்று இழுத்தார்.

"நாங்க மட்டும் எங்க மனசாட்சியக் கேக்காம அடிக்கணுமாக்கும்?" என்றார் ஆரோக்கியம்.

கட்டி தானாகவே எரிந்து அணைந்தது. அதை அடிக்க ஒரு கையும் நீளவில்லை.

மறுநாள் விடியற்காலை, ஜெபக்கொட்டகைக்குப் பக்கத்து ஆரஞ்சு மரத்தில் நானும் செல்லையாவுமாக மணியைத் தூக்கிக் கட்டினோம். யாரும் எங்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரியதனக்காரர் வேலியோரம் வந்து நின்று முறைத்தார். மணி நாக்கில் சுற்றியிருந்த துணியை ஆரோக்கியம் அவிழ்த்தார். சரியாக ஆறு மணிக்கு அடித்தார். அழுதுகொண்டே அடித்தார். அடித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெரசா வாங்க, வெள்ளனே போட்டுட்டு வந்துருவம்" என்று பன்னிரண்டு வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வடகவுஞ்சிச் சாவடிக்கு இறங்கினார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

பழமில்லாமல் வெறும் குதிரைகளோடு பழனி திரும்பினேன். பிறந்ததிலிருந்து மலைக்கோயில் மணியோசையில் கண்விழித்தவன் நான். அதற்கும் ஒருவர் தடை போட முடியும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த நாள் என் கடைக்கும் ஆட்கள் தட்டோடு வந்தார்கள், வேறொரு வேட்பாளருக்காக. "நம்ம சாமி, நம்ம ஆளு. ஒரு அடி அடிச்சிருங்கண்ணே."

தட்டை அவர்கள் பக்கமே திருப்பி வைத்தேன்.

"நீங்க மொதல்ல" என்றேன்.