அறுந்த கயிறும் நான் வாங்கிய நன்றியும்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். ஞாயிறுதோறும் நண்பர்கள் நாலு பேர் நாகலாபுரம் மலைக்குப் போய்ப் பாறை ஏறுவோம். நைலான் கயிறு என் பொறுப்பு. ஒருமுறை ஆய்வகத்தில் வைத்திருந்தபோது அதன்மேல் அமிலம் சிந்திவிட்டது. அமிலம் நைலானை அரிக்கும் என்று தெரிந்தும், கழுவிக் காயவைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் எடுத்துப்போனேன்.

பாறையடியில் வழக்கமான கேலி. "தேங்கா நார்க் கயிறே போதும்பா," என்றான் ஃபிட்டர் தசரதன்.

"நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். விழுந்தா இடுப்பு ஒடியாது."

"சயின்ஸ் பட்ச்சவன் சொல்ட்டான்!" என்று சிரித்தபடி இடுப்பில் முடிச்சுப் போட்டான்.

நான் கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். "இரு, ஒருதடவ இழுத்துப் பார்த்துடலாம்."

"ஏறப் போறது நானு. உனுக்கு இன்னாத்துக்குப்பா பயம்?"

கயிற்றை மரத்தில் கட்டி நால்வரும் இழுத்தோம். அது அறுந்து, எல்லோரும் மல்லாந்து விழுந்து சிரித்தோம். தசரதன் மட்டும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "என் உசுர காப்பாத்திட்ட நைனா."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நன்றி இனித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இன்றும் தன் பேரப்பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "இவரு இல்லன்னா நான் இல்ல" என்கிறான். இது வெளிவரும் பத்திரிகையை அவன் விடாமல் படிப்பான். படித்துவிட்டுத் திட்ட வரட்டும். காபி போட்டுவைத்துக் காத்திருக்கிறேன்.