முதுகில் பட்ட பந்துக்குப் பதில்

இன்று மவுண்ட் ஆல்பர்ட் மைதானத்தில் பேஸ்பால் ஆடும்போது, நான் அடிக்க நின்ற நேரம் எதிரணிக்காரன் எறிந்த பந்து என் முதுகில் பட்டது. ஒரு கணம் மூச்சே வரவில்லை.

எங்கள் அணியில் பந்து எறிபவர் குமரன் அண்ணை.

"அவன் அடிக்க வரேக்க நீங்களும் முதுகிலயே குடுங்கோ" என்றேன்.

"ஓம்" என்றார்.

அவன் வந்து நின்றான். அண்ணை நேராகத்தான் எறிந்தார். அவன் ஓங்கி அடிக்க, பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. அந்த அடியோடு தோற்றுவிட்டோம்.

"ஏன் அண்ணை முதுகில எறியேல்ல?" என்று கேட்டேன்.

"அடிக்க வந்து நிக்கேக்க அவன் உன்னைத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தவன். வேணுமெண்டு எறிஞ்சவன் அப்பிடிப் பாக்கமாட்டான்."

சற்று நேரத்தில் அவனே ஐஸ் பையோடு என்னிடம் வந்தான். பந்து கைதவறிப் போனதாம், மன்னிப்புக் கேட்டான். அடுத்த சனிக்கிழமை மூவரும் சேர்ந்து பயிற்சி செய்யப்போகிறோம்.

நீங்களென்றால் திருப்பி எறியச் சொல்லியிருப்பீர்களா? வெட்கப்படாமல் சொல்லுங்கள், நானே ஒத்துக்கொண்டுவிட்டேன்.