பிளைவுட் இறக்கை

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த ஏழை நான்தான். மழை வருகிறது என்று நான் சொன்னால், அம்மா வாசலுக்கு வந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியிலிருந்து துணியை எடுப்பாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு மழை தெரியாதா? அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தில் மூன்று வாரம் விடாமல் மல்லுக்கு நின்றேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா எனக்கு ஒரு ராக்கெட் கிட் வாங்கி வந்திருந்தார். கூர்மூக்கும் வாலும் வைத்த வழக்கமான ராக்கெட் இல்லை. ‘மோனோகாப்டர்’ என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு முழ நீளத்தில் மெல்லிய கட்டையில் ஒரே ஓர் இறக்கை. அதன் மறுமுனையில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் அட்டைக் குழாய். குழாய்க்குள் மருந்து அடைத்த மோட்டாரைச் செருகிப் பற்றவைத்தால், மொத்தமும் தட்டாமாலை சுற்றிக்கொண்டே மேலே போகும். மோட்டாரை மட்டும் விமானத்தில் ஏற்ற விடவில்லையாம். “இங்கயே எங்கயாவது கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு சித்தப்பா திரும்பிப் போய்விட்டார்.

அப்பாவுக்கு அலுவலகத்தில் ஸ்டோர் பிரிவு. வந்து இறங்கும் சரக்கை எண்ணிப் பார்த்து, குறைந்தால் எழுதி வைப்பது அவர் உத்தியோகம். கிட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினார், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு றெக்கை ஷார்ட்.”

“படத்தைப் பாருங்கப்பா. அதுலயும் ஒண்ணுதான் இருக்கு.”

படம் பக்கவாட்டில் எடுத்தது, இன்னொன்று பின்னால் மறைந்திருக்கிறது என்றார். அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது.

நான் விடுவேனா? எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் வரிசையாக மகோகனி மரங்கள். காய் வெடித்தால் விதைகள் ஒற்றை இறக்கையோடு சுழன்று சுழன்று இறங்கும். பத்து விதை பொறுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், கீழே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் ஒவ்வொன்றாகப் போட்டேன். “இதுக்கெல்லாம் எத்தனை றெக்கை, சொல்லுங்க!” என்று மேலிருந்தே கத்தினேன். “அது விதை. இது மிஷின்” என்று சட்டையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே இறக்கையைச் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இரும்புலியூரில் தெரிந்த தச்சர் ஒருவரிடம் போனார். தச்சருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “இன்னா சார் இது, ஒத்த றெக்கை கீது! இதை வெச்சிகினு ஈ கூட பறக்காது சார்” என்றார். இரண்டே நாளில் பிளைவுட்டில் அச்சு அசலாக இன்னோர் இறக்கை தயார். வார்னிஷ் வேறு அடித்திருந்தார். கையில் வாங்கினால் சப்பாத்திக் கட்டை கனம் கனத்தது.

இந்த இடத்தில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் தங்கை. ஆடி பிறந்த மறுநாள் திண்டிவனத்திலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்தாள். ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா தெருவில் சொல்லிவைத்தாள். கல்யாணமாகி ஆறு வருடமானவளை ஆடிக்கு எதற்கு அழைத்து வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெரு நாகரிகமானது, முதுகுக்குப் பின்னால்தான் கேட்டது. ஆடி போய் ஆவணியும் தேய்ந்தது, அத்தை போகவில்லை. பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கேட்டால் பதில் சொல்வாள், அதோடு சரி.

எனக்கு வேறு ஆள் இல்லாததால்தான் அவளிடம் போனேன். கிட்டோடு வந்த விளக்கப் புத்தகத்தின் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. அத்தை பிசிக்ஸ் படித்தவள். “நீங்க படிச்சுச் சொல்லுங்க, இல்லேன்னா நான் இந்த ரூமை விட்டுப் போக மாட்டேன்” என்று கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வேண்டாவெறுப்பாக வாங்கியவள், இரண்டாம் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். நாலாம் பக்கத்தில் பிளைவுட் இறக்கையைக் கேட்டு வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள்! அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

“இதை ஒட்டினா இது ராக்கெட் இல்லடி, அம்மிக்கல்லு.”

வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அத்தையின் பழைய தோழி வேலை பார்த்தாள். அங்கே பிள்ளைகள் ராக்கெட் விடுவார்களாம். அடுத்த திங்கட்கிழமை அத்தை புடவை மாற்றி, தலை பின்னி, தனியாகப் பஸ் ஏறிப் போனாள். தன் சர்டிபிகேட் எல்லாம் வைத்திருக்கும் பழுப்பு ஃபைலையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். ஒரு மோட்டார் வாங்கப் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் வரைக்கும் கேட்பார்களா என்று எனக்கு ஆச்சரியம். சாயங்காலம் ஒரே ஒரு மோட்டாரோடு வந்தாள். ஒன்றுதான் கிடைத்ததாம். பறந்தால் பறந்தது, விழுந்தால் அதோடு கதை முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடலாம் என்று நான் முடிவு செய்தேன். அதே ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மாமாவின் அண்ணனும் வந்து அத்தையைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். காலையிலேயே அம்மா, “பெட்டி கட்டியாச்சா?” என்றாள். “ஆச்சு அண்ணி” என்றாள் அத்தை. சூட்கேஸ் ஹாலில் கதவோரம் நின்றது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நான் பார்த்தது ஒன்றைத்தான். அப்பா பசை டப்பாவையும் பிளைவுட் இறக்கையையும் எடுத்துக்கொண்டு கூடத்தில் சம்மணம் போட்டிருந்தார். இருப்பது ஒரே மோட்டார், அதை வீணாக்கக் கூடாதாம், முழுசாக மாட்டித்தான் விடவேண்டுமாம்.

கிட்டைப் பிடுங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

“தொறடி கதவை!”

“மாட்டேன். அதைத் தூக்கிப் போடுங்க, தொறக்கறேன்.”

“ஒத்த றெக்கையில எதுவும் பறக்காது. பெரியவங்க சொன்னா கேக்கணும்.”

“பெரியவங்க புக்கைப் படிக்கல!”

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வந்த சம்பந்தக்காரர்கள் கால் கழுவக்கூட முடியாமல் நிற்க, மானம் போகிறதே என்று அம்மா கதவில் வாய் வைத்துக் கெஞ்சினாள். கெஞ்சட்டும். ராத்திரி வரைக்கும் உள்ளேயே இருப்பது என்று வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கேட்டது.

“அண்ணா, அதுக்கு ஒரு றெக்கைதான். அவ சொல்றதுதான் சரி. பசையை மூடி வைங்க.”

அத்தைக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். டப்பா மூடும் சத்தம் கேட்டது. நான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

விருந்தாளிகள் முன்னால் சண்டை வேண்டாமென்று அப்பா எல்லோரையும் ஏரிக்கரைப் பொட்டலுக்கே அழைத்து வந்துவிட்டார். அம்மா இறக்கையில் குங்குமம் வைத்தாள். அத்தை கம்பியை நட்டு, அதன்மேல் மோனோகாப்டரைச் செருகி, ஒயரை இழுத்து வந்து பேட்டரிப் பெட்டியை என் கையில் கொடுத்தாள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் அண்ணன், “இதெல்லாம் எங்க பறக்கும்? நாலு அடி போய்க் குப்புற விழும்” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பத்திலிருந்து எண்ணிப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

“நான் சொல்லல?” என்றார் மாமாவின் அண்ணன். நான் ஓடப் பார்த்தேன். அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் கிட்டப் போகவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு நிமிஷமும் அவர் பேசினார், மாமா உச்சுக் கொட்டினார், அத்தை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அப்புறம் நிதானமாகப் போய் ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வந்தாள்.

“இப்ப அழுத்து.”

உஸ்ஸென்ற சத்தத்தோடு அது சுற்ற ஆரம்பித்தது. இறக்கை கண்ணுக்குத் தெரியாமல் போய் வெள்ளைத் தட்டு ஒன்று மட்டும் தெரிந்தது. கம்பியை விட்டு எழும்பி, கரையிலிருந்த பனைமரத்தைத் தாண்டி, புகையைச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு மேலே மேலே போனது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு, “டேய் மச்சான், இங்க பார்றா!” என்று ஓடி வந்தார்கள். மருந்து தீர்ந்ததும் மகோகனி விதை மாதிரியே மெல்லச் சுற்றிக்கொண்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

மாமா பேன்டைத் தட்டிக்கொண்டு, “சரி, போதும். இருட்டறதுக்குள்ள கிளம்பலாம், வா” என்றார்.

“நான் வரல” என்றாள் அத்தை.

எல்லோரும் அவளையே வெறித்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு எதுவும் புரிவதில்லையே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. “அவங்க எப்படி வருவாங்க? அடுத்த மோட்டார் யாரு வாங்கி வர்றது?” என்று கத்தினேன். மாமா முகம் கறுத்தது. அப்பா தரையைப் பார்த்தார். அத்தை புல்லில் கிடந்ததை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தாள். கார் இரண்டு பேரோடு திரும்பிப் போனது.

என் வாதத்தில்தான் அத்தை தங்கினாள் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் பெருமையாகச் சொல்லிக்கூட இருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் மோனோகாப்டரைப் பத்திரமாக வைக்க இடம் தேடினேன். கதவோரம் காலையிலிருந்து நின்ற சூட்கேஸை இழுத்துப் படுக்கவைத்துத் திறந்தேன். உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை. இறக்கையை நீளவாக்கில் வைத்தேன், கச்சிதமாக இருந்தது. நல்லவேளை, இவ்வளவு இடம் இருக்கிறதே என்று சந்தோஷமாக மூடினேன்.